அரை ஸ்பூன் நார்த்தங்காய்ப் பொடி

மாட்டுங்கா
3 ஜூன் 2024

அபயம்,

ஆசீர்வாதம். அதை முதலில் எழுதியாயிற்று. இனி கோபத்தை எழுதலாம்.

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். பிறகு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரியாததில்லை. ஆனால் நீ எதைப் பிடித்துக்கொண்டாய், எதை விட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் பெண் லேகாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. உடம்பு அதை அந்நியன் என்று வெளியே தள்ளாமலிருக்கத் தினம் இரண்டு வேளை டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுகிறாள். ரத்தத்தில் அந்த மருந்து ஏழு, எட்டுக்கு மேல் போகக் கூடாது. அன்றைக்குப் பத்தொன்பது. கை நடுங்கி, கையெழுத்துப் போட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர், "கிரேப்ஃப்ரூட் ஏதாவது? சகோத்ரா?" என்று கேட்டார். சகோத்ரா என்றால் நம் பம்பளிமாஸ். அந்த ஜாதிப் பழங்கள் இந்த மருந்தை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். டாக்டர் என்னைச் சந்தேகப்படவில்லை. நர்ஸ் சந்தேகப்படவில்லை. கூடப் பிறந்தவள் சந்தேகப்பட்டாள்.

நான் லேகாவுக்குப் பம்பளிமாஸ் கொடுக்கவில்லை. ஒரு சுளைகூட. யார் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

அதோடு விட்டாயா? வராந்தாவில் பத்துப் பேர் நிற்கும்போது, "அண்ணா, இனிமே அவ உன் ஆத்துப் பக்கம் வரமாட்டா. உன் படிப்பை உன்னோட வெச்சுக்கோ" என்றாய். லேகாவின் ஆபீஸ் மாட்டுங்காவில். ஒரு வருஷமாக மத்தியானம் என் வீட்டில்தான் சாப்பாடு. அதையும் நிறுத்திவிட்டாய்.

என் படிப்பு என்னவென்று உனக்குத் தெரியும். லோயர் பரேல் மில்லின் லேபில் முப்பத்தொரு வருஷம் டெஸ்ட் ரிஜிஸ்டர் எழுதிய மெட்ரிக் கிளார்க். பி.எஸ்ஸி. படித்தவர்கள் சோதனைக் குழாயைப் பிடித்தார்கள், நான் எண்ணை எழுதினேன். எண்ணுக்கு அர்த்தம் என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் வாங்கி நானே தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. "என் சிறுநீரகத்தை எடுத்துக்கோங்கோ" என்று முதலில் சொன்னவன் நான். வயதையும் பிரஷரையும் பார்த்து ஒரு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். உன்னுடையதை எடுத்தார்கள். அன்றிலிருந்து உங்கள் வீட்டில் நான் விருந்தாளி. விருந்தாளியைச் சந்தேகப்படுவது சுலபம்.

வேங்கடசுப்ரமணியன்


தாணே
6 ஜூன்

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

போனை வைத்தது நான்தான். பேச்சில் நீ என்னை எப்போது முடிக்கவிட்டிருக்கிறாய்? இதில் முடிக்கிறேன்.

லேகாவின் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். வேளைக்கு மூன்று மில்லிகிராம் இருந்தது, இப்போது ஒன்றரை. நடுக்கம் நின்றுவிட்டது. எல்லாம் சரி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாமல் ஏறினது நாளைக்குக் காரணம் தெரியாமல் வேறு எதையாவது செய்யும்.

உன் முகத்தை ஏன் பார்த்தேன் என்று கேட்கிறாய். என் முழங்கால் வலிக்கு நீ என்ன கொடுத்தனுப்பினாய், நினைவிருக்கிறதா? வெங்காயச் சருகைக் கொதிக்கவைத்து வடிகட்டி இரண்டு பாட்டில்! வெங்காயம் வாசற்படி தாண்டாத வீட்டுக்கு! நான் கத்தினபோது, "இது வெங்காயம் இல்லைடி, குவெர்செடின்" என்றாய். நான் குடிக்கவில்லை என்று ஆறு மாதம் பேசாமலிருந்தாய். பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் இன்றைக்கும் என்னைக் கண்டால், "குவெர்செடின் மாமி, சௌக்கியமா?" என்கிறாள். அதனால்தான் பார்த்தேன்.

பழத்தைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிறேன். உன் வீட்டில் அவள் என்னென்ன சாப்பிட்டாள்? அவளிடம் கேட்டேன். "சாதம், ரசம், மோர்தாம்மா" என்றாள். ரொம்பச் சீக்கிரம் சொன்னாள். கேள்வி முடிவதற்கு முன்னாலேயே பதிலைத் தயாராக வைத்திருந்தமாதிரி.

நேராகப் பதில் எழுது.

அபயாம்பாள்


மாட்டுங்கா
10 ஜூன்

அபயம்,

சாதம், ரசம், மோர் என்று அவளே சொல்லியிருக்கிறாளே. பிறகு நான் எதற்கு?

உனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். நீ என்மேல் கோபப்படுவது வேறு, நாரிஞ்சின்மேல் பழிபோடுவது வேறு. வராந்தாவில், "அந்தக் கசப்புச் சனியன்தான் காரணம்" என்றாய். அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வெங்காயச் சருகில் குவெர்செடின் இருப்பதுபோல, பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட், கசப்பு ஆரஞ்சு இவற்றின் தோலிலும் சுளைச் சவ்விலும் இருப்பது நாரிஞ்சின். இரண்டும் ஃபிளேவனாய்டு என்ற ஒரே வம்சம். தோலை மென்றால் நாக்கின் அடியில் போய் உட்காருகிறதே, அந்தக் கசப்பின் பெரும்பங்கு அதுதான். பானங்களுக்குக் கசப்பு ஏற்ற அதைச் சேர்க்கிறார்கள். காரமும் ஹைட்ரஜனும் கொண்டு அதன் உருவத்தைக் கொஞ்சம் மாற்றினால், சர்க்கரையைவிடப் பல நூறு மடங்கு தித்திக்கும் பொருளாகிவிடுகிறது. கசப்பின் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே தித்திப்பு. வீக்கத்தைத் தணிக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எலி மனுஷன் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

மருந்தை ரத்தத்தில் ஏற்றிவிடுவது நாரிஞ்சின் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு நாரிஞ்சினை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது, பழச்சாறு செய்த அளவுக்கு அது செய்யவில்லை. அதே பழத்தில் குடியிருக்கும் ஃபுரானோகூமரின் என்ற வேறு கூட்டம்தான் முக்கியக் குற்றவாளி என்று கண்டுபிடித்தார்கள். குடலில் மருந்தை உடைக்கிற நொதியை அது முடக்கிப்போடுகிறது. உடையாத மருந்து முழுசாக ரத்தத்தில் ஏறுகிறது. இதை நான் கற்பனை செய்யவில்லை. இரண்டு முறை படித்துக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே நாரிஞ்சினை விட்டுவிடு. லேகாவை மத்தியானம் அனுப்பு. ஆபீஸ் கேன்டீன் சாப்பாட்டில் என்ன எண்ணெயோ, எவ்வளவு உப்போ.

வேங்கடசுப்ரமணியன்


ஆஸ்பத்திரி
14 ஜூன், வெள்ளி, மத்தியானம்

அண்ணா,

லேகா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று சேர்த்துவிட்டார்கள். இந்த வார்டில் வேலை பார்க்கிற இசக்கி தாராவியில் இருக்கிறார். டியூட்டி முடிந்து போகிற வழியில் இதை உன் கையில் தருவார். தபாலுக்கு நேரமில்லை.

மருந்தின் அளவு இரண்டுக்கு இறங்கிவிட்டது. பத்தொன்பதிலிருந்து இரண்டு. கிரியேட்டினின் 1.1 இருந்தது, 1.9 ஆகிவிட்டது. சிறுநீரகம் தன் வேலையை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திங்கட்கிழமை ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்.

டாக்டர் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார். அவள் மாத்திரையை விட்டிருக்கிறாள். "தவாய் மிஸ் கியா நா? சச் போலோ" என்று நாலு தடவை கேட்டார். "ஏக் பார் பீ நஹீ, டாக்டர்" என்று, ஒரு வேளைகூட விடவில்லை என்று, நாலு தடவையும் சொன்னாள். அவர் நம்பவில்லை. ஒழுங்காக மருந்து சாப்பிடாதவள் என்று ஃபைலில் எழுதிவிட்டார். அளவையும் ஏற்றவில்லை. அளவு சரி, விழுங்கினால் போதும் என்கிறார். இப்போது நர்ஸ் எதிரில் நின்று அந்த ஒன்றரையை விழுங்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணை.

ஜூனியர் டாக்டர் நகுல் பாலக்காட்டுப் பையன், நம்மோடு தமிழ் பேசுவார். அவர் தனியாகச் சொன்னார்: "மாமி, அந்த வரி ஃபைல்ல இருந்தா கஷ்டம். இது போயிடுத்துன்னா, இன்னொண்ணுக்கு லிஸ்ட்ல நிக்கறச்சே முதல்ல அதைத்தான் படிப்பா."

இன்னொன்று கொடுக்க என்னிடம் இல்லை, அண்ணா. ஒன்றைக் கொடுத்துவிட்டேன். மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு நான் நடமாட வேண்டும்.

நேற்று, "மாமா ஏதாவது கொடுத்தாரா?" என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னும் அப்படியே படுத்திருக்கிறாள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாரிஞ்சின் நல்லவன், அதே வீட்டில் குடியிருக்கும் இன்னொருவன்தான் திருடன் என்கிறாய். இருக்கட்டும். வீட்டைத் திறந்துவிட்டவன் யார் என்பதுதான் என் கேள்வி. ஒரு பக்கம் முழுக்க எழுதியும் அதற்கு நீ பதில் எழுதவில்லை.

அபயம்


மாட்டுங்கா
14 ஜூன், மாலை

அபயம்,

இசக்கி வாசலில் நிற்கிறார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "பதில் வாங்காம வராதேன்னு ஒங்க தங்கச்சி சொல்லிட்டாவ, ஐயா. நீங்க எழுதுங்க" என்றார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னார்: "ஏன் செவரப் பாக்குதிய? அங்க அந்தப் புள்ளயும் செவரத்தான் பாத்துக்கிட்டு கெடக்கு. காலைல நர்ஸ், மாத்திரைய எங்க போட்டேன்னு ஏசுனா. அந்தப் புள்ள, 'மாமா பேர மட்டும் எழுதிடாதீங்கோ'ன்னு அழுதுச்சு. நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும்லா?"

"அபயத்துகிட்ட சொன்னேளா?" என்று கேட்டேன்.

"சொல்லல. ஒங்க வாயால வரட்டும்னுதான் வந்தேன்."

சொல்கிறேன்.

பிப்ரவரியில் லேகாவுக்குச் சாப்பிட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது. மாத்திரைகளால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள் என்றார்கள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மார்க்கெட்டில் நார்த்தங்காய் வாங்கினேன். உப்பு அவளுக்கு ஆகாது, அதனால் உப்பே சேர்க்கவில்லை. தோலை மெல்லியதாகச் சீவி, அரிசி களைந்த தண்ணீரில் ஊறவைத்து, மொட்டைமாடியில் ஒன்பது நாள் காயவைத்து, சுக்கும் ஓமமும் சேர்த்து இடித்தேன். மார்ச் பதினொன்றாம் தேதியிலிருந்து மே இருபத்துநாலு வரை, அவள் ஆபீஸ் வந்த நாளெல்லாம், மோரில் அரை ஸ்பூன். மூன்றாவது நாளே குமட்டல் நின்றது. "மாமா, நாக்கைப் பிடுங்கிண்டு போறது. ஆனா வயிறு சமர்த்தா இருக்கு" என்று சிரித்தாள்.

டாக்டர் பழம் என்றார். நம் வீட்டில் நார்த்தங்காயை யார் பழம் என்று சொன்னோம்? பழக்கூடையில் ஒருநாளும் வைத்ததில்லை. பித்தத்துக்கு மருந்து, ஜுரம் விட்டால் கஞ்சிக்குத் துணை. நான் சொன்னது பொய்யில்லை, பம்பளிமாஸ் கொடுக்கவில்லை.

ஆனால் உனக்குத் தெரிந்தால் விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லாதே என்று லேகாவிடம் சொன்னவன் நான்தான். அவள் அந்த வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டு வாயைத் திறந்து நர்ஸுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

நார்த்தங்காய் பம்பளிமாஸுக்கு உறவு என்பதும் எனக்குத் தெரியும். நாரிஞ்சின் குற்றவாளி இல்லை என்று படித்தேன், அதனால் என் பொடியும் குற்றவாளி இல்லை என்று முடிவுகட்டினேன். அதே பக்கத்தில் அடுத்த பாதியில் இன்னொரு பெயர் இருந்தது. அது என் நார்த்தங்காய்த் தோலிலும் இருக்குமா என்று நான் கேட்கவே இல்லை. எனக்குப் பிடித்த வரியோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

இப்போது கணக்கைப் பார். பொடி இருந்தபோது மருந்து ஏறியது. ஏறியதைப் பார்த்து மாத்திரையைப் பாதியாக்கினார்கள். அதே வாரத்தில் நீ அவளை இங்கே வரவிடாமல் நிறுத்தினாய், பொடியும் நின்றது. இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. அவள் ஒரு மாத்திரையும் விடவில்லை. ஒன்றரை அவளுக்குப் போதாது. நர்ஸ் முன்னால் எத்தனை நாள் விழுங்கினாலும் போதாது. நான் சொல்வது தப்பாக இருந்தால் டாக்டர் தள்ளட்டும். ஆனால் திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது.

இசக்கி தன் போனை நீட்டினார். வேண்டாம் என்றேன். போனில் சொன்னால் அது வாய்ப்பேச்சு, ஃபைலில் ஏறாது. தேதி, அளவு, சேர்மானம் எல்லாவற்றையும் தனித்தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தத் தாளும் பொடி பாட்டிலும் என் கையில். இசக்கியோடு டாக்ஸியில் வருகிறேன். டாக்டரைப் பார்ப்பேன். வார்டுக்குள் வரமாட்டேன். இதை இசக்கி உன்னிடம் தருவார்.

வேங்கடசுப்ரமணியன்


மாட்டுங்கா
24 ஜூன்

அபயம்,

பத்து நாள். ஒரு வரி இல்லை.

இசக்கியைப் பிடிக்க இரண்டு முறை தாராவிக்குப் போனேன். "என்னைய வேற வார்டுல போட்டுட்டாங்க ஐயா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறார். தெரியும் என்று முகம் சொல்கிறது. நீ சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருப்பாய்.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். எழுதுவதால் எனக்கு ஒரு குறைவும் இல்லை. லேகாவுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது என்று யோசித்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நாரிஞ்சின் விஷயத்தில் நான் எழுதியதை மாற்றிக்கொள்ளவும் இல்லை. நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், உனக்கு அந்த உரிமை இருக்கிறது.

ஆனால் கிரியேட்டினின் என்ன என்று எழுது. அந்த ஒரு எண். திட்டி எழுது, அதோடு எண்ணையும் எழுது. முப்பத்தொரு வருஷம் எண்ணுக்காகக் காத்திருந்தவன் நான். இப்படி ஒருநாளும் காத்திருந்ததில்லை.

வேங்கடசுப்ரமணியன்


தாணே
27 ஜூன்

அண்ணா,

எண் 1.4.

முன்னால் 1.1 இருந்தது. நடுவில் இருக்கிற அந்த இடைவெளி திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்காக அதைக் குறைத்து எழுத மாட்டேன்.

நீ தாளைக் கொடுத்த அன்றைக்கே மாத்திரையைப் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். சனிக்கிழமையே சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு சிறுநீரகத்தைத் தள்ள ஆரம்பித்திருந்தது, ஆனால் ஆரம்பம்தான். மூன்று நாள் ஊசி. இப்போது மருந்தின் அளவு ஏழு. அந்தப் பொடிதான் என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆனால் தேதிகள் பொருந்துகின்றன என்றார் டாக்டர். திங்கட்கிழமை வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் உன் தாளை இன்னொரு முறை படித்தார். இனிமேல் தமிழ் வீடுகளிலிருந்து வருகிறவர்களிடம் நார்த்தங்காயையும் பெயர் சொல்லிக் கேட்கப்போகிறாராம்.

லேகாவைப் பற்றி எழுதியிருந்த வரியை அடித்துவிட்டார். அவளிடம் "சாரி" என்றார். அவள் அதற்கும் அழுதாள்.

அன்றைக்கு நீ என்ன செய்தாய் என்று நகுல் சொன்னார். உறவினர் தெரியாமல் வீட்டு மருந்து கொடுத்தார் என்று அவர் எழுதினாராம். நீ பேனாவைப் பிடித்து நிறுத்தி, "தெரியாமல் என்ற வார்த்தையை அடியுங்கள். இது இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. வீட்டில் சொன்னால் தடுப்பார்கள் என்று தெரியும். தெரிந்துதான் மறைத்தேன். அப்படியே எழுதுங்கள்" என்றாயாம். அவர் மூன்று முறை வேண்டாம் என்றும் நீ விடவில்லையாம். "உங்க அண்ணாவோட ஆர்க்யூ பண்ணவே முடியாது, மாமி" என்றார். எனக்கு அறுபத்தாறு வருஷமாகத் தெரியும் என்றேன்.

உன் நாரிஞ்சினை விட்டுவிட்டேன். உன்னை விடவில்லை. அந்தக் கோபம் ஆற நாளாகும். ஆறும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் மாட்டேன்.

லேகா திங்கட்கிழமை ஆபீஸ் போகிறாள். கேன்டீனில் சாப்பிடமாட்டாளாம். ஒரு மணிக்கு உன் வீட்டுக்குத்தான் போவேன் என்கிறாள். நான் வேண்டாம் என்றேன். "அம்மா, நான் எதைச் சாப்பிடக் கூடாதுன்னு சொல்ல ஒனக்கு உரிமை இருக்கு. மாமாவைப் பாக்கக் கூடாதுன்னு சொல்ல இல்லை" என்றாள். உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருப்பாள், இந்தப் பேச்சை.

சாதம், குழம்பு, மோர், எல்லாம் நான் கட்டிக் கொடுப்பேன். தட்டும் கொடுப்பேன். நீ தண்ணீர் மட்டும் கொடு.

அபயம்